அந்த வீடியோவை எடுத்துவிடு

இருங்காட்டுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி மகாராஜாவுக்கு,

அக்கா மாரிசெல்வி எழுதுகிறேன். நலம் என்று எழுத மனம் வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன், மீட்டிங் என்றாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். தாளில் எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது. முழுவதும் படி.

போன மாதம் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு வந்தவன், ஒரு மத்தியானம் எங்கள் அறைக்கும் வந்தாய். சாளைமீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். என் பிள்ளை சுகப்பிரியா, தானே செய்த புரோகிராமைப் போனில் காட்டினாள். நீ அதை வீடியோ எடுத்தாய். குடும்பத்துக்குள் வைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸில் அம்சவல்லி தன் போனை என் மடியில் வைத்தாள். மணிமங்கலத்துக்காரி, லைனில் எனக்கு அடுத்த ஆள். "இன்னா மாரி, உன் வூட்டுக் கொடில தொங்குற துணியக்கூட ஊரே பாத்துகினு கீது" என்றாள். பார்த்தேன். "படிப்பறிவில்லாத தொழிலாளி வீட்டுக் குழந்தைக்கு ஒரே நாளில் கோடிங் கற்றுக்கொடுத்தேன்" என்று உன் பெயரோடு அந்த வீடியோவை நெட்டில் போட்டிருந்தாய்.

ஒரே நாளா? எட்டு மாதம்டா! ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது வீடியோ பார்த்து முதலில் நான் கற்றுக்கொண்டேன். ஏழு வயசுப் பிள்ளையிடம் எடுத்ததும் போனைக் கொடுக்கவில்லை. நான்தான் மெஷின்; அவள் எனக்குக் கட்டளை போட வேண்டும். சொன்னதை மட்டும்தான் செய்வேன். "சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க, நடந்துக்கிட்டே இருங்க" என்றவள் நிற்கச் சொல்ல மறந்துவிட்டாள். நான் போய் கேஸ் சிலிண்டரில் முட்டிக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே, "ஒங்க மேல தப்பில்லம்மா, நான் சொன்னதுலதான் தப்பு" என்றாள். அன்றைக்குத்தான் போனைக் கையில் கொடுத்தேன்.

கட்டளை எழுதிய வண்ணக் கட்டங்களைத் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக இழுத்து வைத்து அவள் என்ன செய்திருக்கிறாள் என்று நீ கேட்கவே இல்லை. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் திரையில் பூனை வாயில் விரல் வைக்கும். இல்லை என்றால் ஆடும். பகலில் தூங்கும் அப்பாவுக்காக அவளாக யோசித்தது. அந்த "என்றால்", "இல்லை என்றால்" இரண்டையும் புரியவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

நான் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில், "மாமாதான் சொல்லித் தந்தாங்கன்னு சொல்லு செல்லம்" என்றாயாம். "அம்மாதான சொல்லித் தந்தாங்க" என்றிருக்கிறாள். "சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்லி, சொல்ல வைத்திருக்கிறாய். பிள்ளைக்கு நீ கற்றுக்கொடுத்தது அந்தப் பொய் ஒன்றுதான்.

படிப்பறிவில்லாத வீடா? பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் நான் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அந்த மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகாமல், யாருடைய படிப்புக்காக நான் இங்கே பஸ் ஏறினேன் என்று உனக்குத் தெரியும். அதை இதில் எழுத மாட்டேன்.

 உன் அத்தான் வெற்று மேலோடு படுத்திருப்பது வீடியோவில் தெரிகிறது. கம்பெனியில் கேலி செய்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் இப்போது சட்டை போட்டுக்கொண்டு தூங்குகிறார்.

புதன்கிழமை, உன் வீடியோவைப் பார்த்துவிட்டு உதவி செய்கிறோம் என்று இரண்டு பேர் ஒரு பழைய லேப்டாப்போடு வந்தார்கள். கூடவே பேனர். பிள்ளையை அதற்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். கதவைச் சாத்தினேன். அன்று சாயங்காலம் அவள் அந்தப் பூனையை அழித்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "அது மாமா செஞ்சதுதானம்மா" என்றாள். அதற்குப் பிறகு போனைத் தொடவில்லை.

நீ எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன், மகாராஜா. நிஜமாகவே அறைந்திருப்பேன்.

வீடியோவை எடுத்துவிடு. யார் சொல்லிக்கொடுத்தது என்று அதே இடத்தில் எழுது. என் பெயர் வேண்டாம், அம்மா என்று எழுதினால் போதும். பிறகு நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல். போனில் சொன்னால் ஏற்க மாட்டேன்.

காது குத்தும்போது உன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வலித்தபோது என்னைத் தேடவில்லை. உன் சட்டையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே தாய்மாமன். எனக்கும் ஒரே தம்பி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதை இந்தக் கோபத்திலும் என்னால் நிறுத்த முடியவில்லை. அடுத்த ஞாயிறு எனக்கு ஓ.டி. இல்லை. வந்துவிடு.

கோபம் ஆறாத உன் அக்கா,
மாரிசெல்வி