மூன்றாவது கூப்பாடு

அக்கா,

இன்று பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஏரோப்பிளேன் போனது. சந்தையே அண்ணாந்து பார்த்தது. நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கயிறு விற்றுக்கொண்டிருந்தவர் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர். குண்டுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

“பயப்படாதீங்க. இது திருச்சியிலருந்து பெங்களூருக்குப் போறதுங்க. நாம பஸ்ஸு, ரயிலுன்னு மாறிப் போனா ஒரு பகலு, ஒரு ராத்திரி. இதுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சுனா இன்னுங் கொஞ்சம்.”

“நம்ம மலையத் தாண்ட எவ்வளவு நேரமுங்க?”

“மலையா? வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறதுக்குள்ள தாண்டிருமுங்க.”

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நீ போன நாளிலிருந்து தாண்ட முடியாமல் கிடக்கிறேன்.

உன்னைக் கட்டிக்கொடுத்த ஊர் நமக்கு நேரெதிர் மேட்டில். குரல் கொடுத்தால் கேட்கும். நடந்தால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, ஏறி வர அரைநாள். “பொண்ணக் கூப்புடு தூரத்துலதான் குடுத்திருக்கறேன்” என்று அம்மா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள். நீயும் குழம்பில் உப்புக் கூடிப்போனால்கூடப் பாறைமேல் ஏறி நின்று எங்களுக்குச் சொல்வாய். உன் வாய்க்கு ஒரு மலை போதாது என்று மச்சான் கேலி செய்வார்.

அன்றைக்கு மச்சான் சந்தைக்கு இறங்கியிருந்தார். நீ நிறைமாதக்காரி. நானும் அம்மாவும் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், “தம்பீ... ஓ தம்பீ!” என்று உன் குரல். நான் வாயைத் திறந்தேன். அம்மா சட்டென்று கையைப் பிடித்தாள்.

“பேசாத சாமி. உச்சிப்பொழுது. பேயி நம்மூட்டு ஆளு கொரல்லயே கூப்புடும். மூணாவது கூப்பாடு வரட்டும்.”

பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பது நம் மலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. சின்ன வயதில் நீயே என்னை அப்படி மிரட்டியிருக்கிறாய்.

இரண்டாவது தடவையும் கூப்பிட்டாய். அப்போதுதான் அந்த ஏரோப்பிளேன் சனியன் வந்தது, பள்ளமெல்லாம் அதிர. காது அடைத்துப்போயிற்று. அது போனபின் காத்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. “பாத்தியா, அவ இல்ல” என்று அம்மா களைக்கொத்தை எடுத்தாள்.

பொழுது சாயும்போது உன் ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். பாறையடியில் கிடந்தாயாம். வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை.

ஓடியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டீர்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நிஜம்தான். ஆனால் ‘வாரேன்’ என்று ஒரு சொல் சொல்ல அரைநாள் வேண்டுமா? அதுகூட இல்லாமல் போனாயே அக்கா.

அம்மா இப்போது உச்சிப்பொழுதானால் களைக்கொத்தைப் போட்டுவிட்டு எதிர்மேட்டைப் பார்த்து, “வாரேன் கண்ணு, இதா வாரேன்” என்கிறாள். யாரும் கூப்பிடுவதில்லை. நான் அவளைத் தடுப்பதும் இல்லை.

மூன்றாவது தடவை கூப்பிட்டாயா? கூப்பிட்டிருந்தால் அது அந்தச் சத்தத்தில் போயிற்று. கூப்பிடவில்லை என்றால் அதற்குள் உன் தெம்பு போயிற்று. இரண்டில் எது என்று நினைத்தாலும் நெஞ்சு வேகிறது. இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே பதில் கொடுத்துவிடுகிறேன். பேய்க்கும் பதில் சொல்கிறவன் என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நீ பேயாகவே வந்து ஒரு தடவை கூப்பிடு. வாரேன் என்று சொல்லிவிடுகிறேன்.