கடலுக்குள் ஒரு கடை

நேற்று அடையாறில் மருந்துக்கடை தேடினேன். போனில் வரைபடத்தைத் திறந்ததும் சிவப்புக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பிறகு தாமாகவே கூடி ஒரு வட்டமாகி, நடுவில் எட்டு என்று காட்டின. விரலால் அகட்டினேன், பிரிந்தன. நடைபாதையில் நின்றபடி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எட்டுதான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் மருந்துக்கடை எதிரிலேயே இருப்பது தெரிந்தது. நீ பார்த்திருந்தால், "இன்னா மாமி, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?" என்று கேட்டிருப்பாய்.

நீ அப்படிக் கூப்பிடத் தொடங்கியபோது எனக்கு இருபத்து சொச்சம் வயது. கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனாலும் ஆபீசில் சேர்ந்த முதல் நாளே நீ எனக்கு வைத்த பெயர் மாமி. என் தயிர்சாத டப்பாவைப் பார்த்து வைத்தது. கோபித்துக்கொண்டால் இன்னும் உரக்கக் கூப்பிடுவாய் என்று தெரிந்ததால் மாமியாகவே இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. உஸ்மான் ரோட்டில் எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நம் ஆபீஸ். கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் நம் மேஜை வரைக்கும் கேட்கும். ஊரிலுள்ள கடைகளையெல்லாம் இன்டர்நெட்டில் ஏற்றி, எது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுவது கம்பெனியின் வேலை. இதை என் அம்மாவுக்கு விளங்க வைக்கவே முடியவில்லை. "தெருவுல போறவாளைக் கேட்டா கடை எங்க இருக்குன்னு சொல்லிட்டுப் போறா. இதுக்குப் போய் சம்பளமா?" என்பாள். உனக்கு அந்தத் தொல்லை இல்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் உன் அம்மாவுக்கு, பெண் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதே போதுமாயிருந்தது. சாயங்காலம் ஒரே பஸ்ஸில் மந்தைவெளி வரை வருவோம். அங்கே என் வீடு. நீ அங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்து நடப்பாய். பாதி நாள் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் நடப்பாய்.

புள்ளி வைக்க வைக்க ரங்கநாதன் தெரு காணாமல் போயிற்று. கடைக்கு ஒரு சிவப்புப் புள்ளி என்றால் அந்தத் தெருவில் எத்தனை விழும்! திரையில் அது அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதான் வழி சொன்னாய்.

"மீன ஒண்ணொண்ணாவா சார் பரப்பி வெப்பாங்க? கூறு கட்டிடலாம்."

கிட்டக்கிட்ட இருக்கும் புள்ளிகளைச் சேர்த்து ஒரே வட்டமாகக் காட்டுவது. எத்தனை கடை என்று நடுவில் எண் போடுவது. வட்டத்தைச் சொடுக்கினால் பெரிய படம் திறந்து, புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். இன்று எல்லார் போனிலும் இருப்பதை நீ அன்று உன் அம்மாவின் மீன் பலகையிலிருந்து எடுத்தாய். ஆபீசில் அதற்குக் கூறு என்றே பெயராகிவிட்டது. அமெரிக்கா போய் வந்த மேனேஜர்கூட, "மேற்கு மாம்பலம் கூறு சரியா வந்துடுச்சாம்மா?" என்று கேட்பார்.

முதலில் எல்லாக் கூறிலும் ஒன்று கூடுதலாகக் காட்டியது. நீ எழுதியதை வரிவரியாகப் பார்த்தேன். எண்ணத் தொடங்கும் முன்பே கணக்கில் ஒன்றைப் போட்டு வைத்திருந்தாய்.

"ஏன்டி, பூஜ்யத்துலேர்ந்துன்னா ஆரம்பிக்கணும்?"

"அளக்கறப்போ ஒண்ணுன்றதுக்கு லாபம்னுதான சொல்வாங்க? அப்பாலதான் ரெண்டு, மூணு. சைபர்ல ஆரம்பிச்சா யாவாரம் வெளங்குமா மாமி?"

"ரெண்டு கடையை மூணுன்னு காட்டறதேடி!"

"கொசுறுன்னு வெச்சுக்கயேன்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு நீயே அந்த ஒன்றை எடுத்தாய். ஊர் முழுக்க எல்லா வட்டத்திலும் ஒன்று குறைந்து, எல்லாம் சரியாயிற்று.

ஒன்றே ஒன்று சரியாகவில்லை. பட்டினப்பாக்கத்தில் கடலோரம், உன் வீட்டுப் பக்கம். அங்கே ஐஸ் கடை, வலையும் கயிறும் விற்கிற கடை, ஒரு டீக்கடை என்று மூன்றுதான். வட்டத்தில் நான்கு என்று இருந்தது. சொடுக்கினால் மூன்று புள்ளிகள். பெரிய படத்தை மூடினால் மறுபடி நான்கு. கம்ப்யூட்டரில் அந்த இடத்துக்குப் பதிந்திருந்ததும் மூன்றே கடைகள். நீ விளையாடுகிறாய் என்று நினைத்து உன்னைப் பார்த்தேன். "மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ல" என்றாய். உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

இன்னொன்றையும் நீதான் கவனித்தாய். சேர்கிற புள்ளிகளுக்கெல்லாம் நட்டநடுவில்தான் வட்டம் வரும், அப்படித்தான் எழுதியிருந்தோம். மூன்று கடைக்கும் நடு என்றால் அது தெருவில் விழ வேண்டும். இதுவோ கிழக்கே தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று இழுத்திருக்கிறது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். வட்டம் இருக்கிற இடம் தெரியும், மூன்று கடைகள் இருக்கிற இடமும் தெரியும். மிச்சம் ஒன்று எங்கே இருந்தால் நடு அங்கே வரும் என்று கூட்டிக் கழித்தால் தீர்ந்தது. காகிதத்தில் போட்டுப் பார்த்து, வந்த விடையைப் படத்தில் வைத்தாய்.

நீலத்தில் விழுந்தது. கடலுக்குள். கீழே யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து இருவருமாகப் பட்டினப்பாக்கம் போனோம். உச்சி வெயில். மணலில் நிழல் என்று எதுவுமே இல்லை. உன் அம்மா குடைக்கடியில் உட்கார்ந்து மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நீ ஐஸ் கடையைத் தாண்டிக் கடலுக்குள் கையை நீட்டி, சும்மா கேட்பதுபோலக் கேட்டாய்.

"எம்மா, அந்தாண்ட முன்னாடி இன்னா இருந்துச்சு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "நம்ம கடதான் கீது."

"கடயா? தண்ணிக்குள்ளயா?"

"உங்கப்பன் வெச்ச கட. பீடி, வெத்தல, மண்ணெண்ண. தண்ணி வந்துச்சு, மொத வரிச வூடு மொத்தமும் பூட்ச்சு. உன்ன என் கையில குட்த்துட்டு, தராச எட்த்துகினு வரேன்னு உள்ள போனாரு." கத்தியைக் கழுவினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "வெயில்ல நிக்காத கண்ணு, இப்டி வா."

அப்பாவைக் கடல் கொண்டுபோன கதை உனக்குத் தெரியும். உடல் கிடைக்கவில்லை என்பதும் தெரியும். எந்த இடம் என்று மட்டும் அம்மா காட்டியதில்லை, நீயும் கேட்டதில்லை. ஆனால் எனக்கு அதைவிட வேறொன்று காதில் விழுந்தது. வீடுகள் போனதை, தண்ணீர் வந்ததை, அவர் உள்ளே போனதை எல்லாம் நடந்து முடிந்ததாகத்தான் உன் அம்மா சொன்னார். கடையை மட்டும் 'கீது' என்றார். இருந்துச்சு என்று நீ கேட்டதற்கு, கீது என்று பதில். வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் அலைகளைப் பார்க்காமல் உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது கல்லறைத் திருநாளைப் பற்றிச் சொன்னாய். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு அவரவர் கல்லறைக்குப் போவார்கள். நீயும் அம்மாவும் மணலில் ஏற்றுவீர்கள். காற்று அணைக்கும், மறுபடி ஏற்றுவீர்கள்.

"எங்களுக்குன்னு ஒரு எடம் இல்ல மாமி. இப்ப கீது. அத்த அழிச்சிடாத."

"எனக்குப் பயமா இருக்குடி."

"இன்னாத்துக்குப் பயம்? எங்கப்பன்தான?"

திங்கட்கிழமை மேனேஜர் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டார். கம்பெனியில் பணம் போட வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிற வாரம் அது. "மூணு கடைக்கு நாலுன்னு காட்டினா சிரிப்பாங்கம்மா. அந்த வட்டத்துல மட்டும் ஒண்ணைக் கழிச்சு விட்டுடுங்க" என்றார். அவர் சொன்னது ஒரே ஒரு வரி வேலை. நீ எழுந்து நின்றாய். "கணக்கு கரீட்டா கீது சார். கழிக்க மாட்டேன்." வேலை போய்விடும் என்றார். "போனா போவட்டும் சார்" என்றாய். உன் வீட்டுக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். கடைசியில் வந்தவர்கள் தி.நகர் பட்டுக்கடைகளையும் மயிலாப்பூர் மாடவீதிகளையும் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள், வடை தின்றார்கள், கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். கடல் பக்கம் ஒருவரும் வரவில்லை. மேனேஜர் அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனார்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முற்றிவிட்டிருந்தது. கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "நாலுதான கீது?" என்று கேட்டாய். நாலுதான் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. உன்னைக் கல்லறையில் வைத்தபோது, உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்காச்சும் ஒரு எடம் கெடச்சுதே கண்ணு" என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மறுபடி ஆபீசுக்குப் போன அன்று, முதல் வேலையாக அந்த வட்டத்தைத் திறந்தேன். உன்னிடம் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான் திறந்தேன்.

ஐந்து என்று இருந்தது.

பழைய தப்பு திரும்பிவிட்டதோ என்று மற்ற வட்டங்களைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. அங்கே யாரும் புதிதாகக் கடை சேர்க்கவில்லை. நீ எழுதியதை யாரும் தொடவுமில்லை. சொடுக்கினேன், அதே மூன்று புள்ளிகள். மூடினேன், ஐந்து. அப்போதுதான் வட்டம் நகர்ந்திருப்பதைக் கண்டேன். கிழக்கே போயிருந்தால் நீ உன் அப்பாவிடம் போய்விட்டாய் என்று உட்கார்ந்து அழுதிருப்பேன், மனசும் ஆறியிருக்கும். அது கிழக்கே போகவில்லை. மேற்கே வந்திருந்தது. மணலைத் தாண்டி, தெருவையும் தாண்டி, மந்தைவெளிப் பக்கமாக வந்திருந்தது. உன் கல்லறை அந்தப் பக்கம் இல்லை.

வட்டம் நின்ற இடம் திரையில் இருந்தது. காகிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே பாத்திரக் கடை வாசலில், ஜனங்களுக்கு நடுவில், சாயங்காலம் வரை நின்றேன்.

கொஞ்ச நாளில் கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த இணையதளமும் போய்விட்டது. உன் அம்மாவும் இல்லை, என் அம்மாவும் இல்லை. அந்த வட்டம் நின்ற இடம் மட்டும் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. மூன்று கடைகளின் இடமும், கடலுக்குள் இருந்ததன் இடமும் அப்படியே இருக்கின்றன. உட்கார்ந்து போட்டால் ஒரு பக்கத்துக்கு மேல் வராத கணக்கு. இத்தனை வருஷத்தில் நான் அதைப் போடவில்லை. விடை எந்தத் தெருவில், எந்த வாசலில் வந்து நிற்குமோ என்று இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நான் இன்னும் அதே மந்தைவெளி வீட்டில்தான் இருக்கிறேன். என் பெண் ஒரு வருஷமாக நச்சரிக்கிறாள். "இந்தப் படியை ஏறி ஏறி உனக்கு முட்டி தேய்ஞ்சுடுத்தும்மா. வித்துட்டுப் பெரும்பாக்கம் பக்கம் லிஃப்ட் இருக்கிற ஃபிளாட்டா பார்த்துண்டு போயிடலாம்" என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். நான் மாட்டேன் என்கிறேன். காரணம் கேட்கிறாள். சொன்னால் நேரே டாக்டரிடம் அழைத்துப் போவாள் என்று வாயை மூடிக்கொள்கிறேன். நீ இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்ள என்னிடமாவது ஒரு கணக்கு இருக்கிறது. நான் வீடு மாறிப் போனால் உனக்கு யாரடி சொல்வார்கள்?