பட்டனில் இருந்த கை

7-9-2009, திங்கள்
டிசைன் வகுப்பில் எல்லோரும் தீம் சொன்னோம். பதினான்கு பேர். ஒன்பது நடராஜர், மூன்று மயில், ஒரு தாமரை. சிதம்பரத்தில் படித்தால் வேறு எதுவுமே கண்ணில் படாதா? நான் மட்டும் "இன்னும் யோசிக்கல சார்" என்றேன். ஸ்ரீதர் சார், "உன் வீட்ல, உன் தெருவுல என்ன இருக்குன்னு பாரு" என்றார். தீமுக்குப் படங்கள் ஒட்டிச் செய்யும் போர்டுக்கும், அதை வைத்துத் தைக்கும் உடைக்கும்தான் செமஸ்டரில் பாதி மார்க்.

10-9
வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சிந்துஜா மூன்று நடராஜர் வரைந்துவிட்டாள். "நீ கோவப்பட்டுக்கிட்டே ஃபெயில் ஆவ போ" என்கிறாள்.

13-9, ஞாயிறு
கிடைத்துவிட்டது. தினமும் பார்த்ததுதான். அம்மா கழனி வேலைக்குப் போகும்போது புடவைக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் பக்கம் எல்லாப் பெண்களும் இப்படித்தான். வெயில் படாது, பயிர் கீறாது, குனிந்தால் மாராப்பு விலகாது, வெற்றிலைக்குப் பையும் உண்டு. இவ்வளவு யோசித்து எந்த டிசைனர் தைத்தான்?

20-9, ஞாயிறு
சிந்துஜாவின் கேமராவோடு திருவந்திபுரம் தாண்டி நடவு வயலுக்குப் போனேன். அம்மா வரப்பேறி வந்தாள்.
"போட்டோவா? இருடி, சட்டைய கழட்டிட்டு வரேன்."
மேல் பட்டனில் கை வைத்தாள். அதற்குள் அழுத்திவிட்டேன். கூட நடும் கொளஞ்சியம்மாள் அத்தை சேற்றிலிருந்தே கத்தினாள்: "பட்டம்மா, நீ சினிமாவுக்குப் போயிட்டா நாத்த யாருடி நடுறது?"
சட்டை இல்லாமல் இன்னொன்று எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அது எனக்கு வேண்டாம்.

5-10
போர்டின் நடுவில் அந்த போட்டோ. சார் ரொம்ப நேரம் பார்த்தார். "வேலைக்குக் கிளம்பறப்ப பட்டன் மாட்டுற கை! என்ன கம்பீரம்!" வகுப்பே கைதட்டியது. சுவரில் மாட்டினால் கம்பீரம். கடைத்தெருவில் அதே சட்டையோடு எதிரே வந்தால் ஒதுங்கி நடப்பார்கள்.
அது மாட்டுகிற கை இல்லை, கழட்டுகிற கை. நான் சொல்லவில்லை. ஏன்?

23-10, வெள்ளி
காலேஜில் கண்காட்சி. பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா தீபாவளிப் புடவையில் வந்தாள். போர்டு முன்னால் நின்றாள். பக்கத்தில் ஒருத்தர் "இது நீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றாள். அவ்வளவுதான்.
திரும்பும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டி:
"அந்தச் சட்டையோட நான் பஸ் ஏறுனதே கெடையாது. வரப்புலயே கழட்டி கூடையில வச்சிட்டுத்தான் ரோட்டுக்கு வருவேன். நீ என்னை அப்படியே சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்ட."
"அதுல என்னம்மா அசிங்கம்?"
"அசிங்கம்னா சொன்னேன்? இருன்னு சொன்னேன். நீ இருக்கல."
ஊரையே திட்டுறேன். நான் பண்ணது மட்டும் என்னவாம்? அம்மா சொன்னது காதுல விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு.

26-10
என் போர்டு சென்னைப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது. சாரிடம் உண்மையைச் சொன்னேன். போட்டோவைப் போர்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன்.
"எடுத்துட்டா போர்டுல என்னம்மா இருக்கு? மார்க்கும் போயிடும்."
"போகட்டும் சார்."
அவருக்குக் கோபம். அடுத்த திங்களுக்குள் வேறு போட்டோ வராவிட்டால் போர்டு சென்னைக்குப் போகாதாம்.

29-10
அம்மாவிடம் எப்படிக் கேட்பது — மறுபடியும் நில்லுன்னா? முடியாது.

1-11, ஞாயிறு
மழை விட்டிருந்தது. அம்மாவோடு களை எடுக்கப் போனேன். என் புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது: தோள் இறங்கிக் கையை மறைக்கிறது, அக்குள் பிடிக்கிறது. எங்கே வெட்டித் தைக்க வேண்டும் என்று எந்த வகுப்பிலும் இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை.
அப்புறம் கரையேறி, கையைக் கழுவிக்கொண்டு, கேமராவை அம்மாவிடம் கொடுத்தேன்.
"என்னை எடும்மா."
"எத அழுத்தணும்?"
மூன்று எடுத்தாள். மூன்றிலும் எனக்குத் தலை இல்லை. கழுத்திலிருந்து முழங்கால் வரை, சேறு பட்ட சட்டை மட்டும்.
"தலையே விழலம்மா. இன்னொன்னு எடு."
"தலை எதுக்குடி? நீ தைக்கப்போறது சட்டைதானே? எனக்கு வேல கெடக்கு."
போய்விட்டாள்.

2-11
இரண்டாவது படத்தை ஒட்டினேன். கீழே சிறியதாக எழுதினேன்: போட்டோ எடுத்தவர், பட்டம்மாள்.