கொம்மாவும் மால்டா ரிக்கற்றும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிறு பின்னேரம்

என்ர அன்பு மகள் தினுஷாவுக்கு,

மாதாவின்ர கிருபையால நானும் உன்னைப் பெத்த கொம்மாவும் இங்க சுகமாயிருக்கிறம், என்ர பிறஷரும் கொம்மாவின்ர வாயும் போன மாசம் இருந்த அளவிலயே நிக்குது, நீயும் அந்தத் தீவில இருமல் தடிமன் இல்லாமல் சுகமாய் இருக்க வேணுமெண்டு செபமாலையில உனக்காக ஒரு மணி கூடச் சொல்லித்தான் படுக்கிறனாங்கள். இந்தக் கிழமை நீ மூண்டு தரம் ஃபோன் எடுத்து மூண்டு தரமும் ஒரே கேள்வியைக் கேட்டனீ. நான் மூண்டு தரமும் சிக்னல் இல்லையெண்டு சொல்லி வைச்சுப்போட்டன். சிக்னல் நல்லாத்தான் இருந்தது மகள், எனக்குத்தான் தைரியம் இல்லை. ஃபோனில கதைச்சால் நீ இடையில வெட்டிப்போட்டுக் கத்துவாய், கடிதத்தை இடையில வெட்டேலாது, அதுதான் எழுதிறன். என்னோட சீட்டு விளையாடுற லெம்பேட்டின்ர மருமகன் வாற புதன் இத்தாலிக்குப் போறான், அவன் அங்க தபாலில போடுவான். கொம்மா பூசைக்கு முந்தின செபமாலைக்குப் போய்ட்டா, அவ திரும்பி வாறதுக்குள்ள முடிக்க வேணும்.

ஊர்ப் புதினம் பெரிசாய் ஒண்டுமில்லை. கோட்டைப் பக்கத்து மான் ஒண்டு மதில் தாண்டி வந்து கொம்மாவின்ர பொன்னாங்காணி முழுக்கத் திண்டுபோட்டுப் போய்ட்டுது, அவ ஈர்க்குக்கட்டோட சந்தி மட்டும் துரத்திக்கொண்டு போனதை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை வீடியோ எடுத்தவள், எங்கயாவது பார்த்தால் எனக்கு அனுப்பு. இலங்கைத்துறையிலயிருந்து நல்ல பாரைக் கருவாடு வந்தது, உனக்கு அனுப்பினால் விமான நிலையத்தில நாய் பிடிக்குமாம், அதால நாங்களே சாப்பிட்டிட்டம். சரி, இனி விசயத்துக்கு வாறன்.

நீ என்ன வேலை செய்யிறாயெண்டு கோயிலில ஆராவது கேட்டால் கொம்மா இன்ரநெற்றில விளம்பர வேலை எண்டு சொல்லிப்போட்டு வேகமாய் நடப்பா. எனக்கு நீ போன வருசம் விளங்கப்படுத்தினனீ. சீட்டு மேசையை நாங்கள் நடத்திறேல்லை அப்பா, எந்தப் போக்கர் கம்பனி என்ன சலுகை குடுக்குது எண்டு எங்கட பக்கத்தில எழுதிப் போடுறம், அதைப் பார்த்து எங்கட இலக்கத்தோட போய்ச் சேர்ற ஆளுக்குக் கம்பனி எங்களுக்கொரு பங்கு தரும் எண்டு சொன்னனீ. எனக்கு உடன விளங்கிச்சுது. பஸ் ஸ்ராண்டில நிக்கிற ஓட்டோக்காரர் வெள்ளைக்காரரை உப்புவெளி ஹோட்டலுக்கு ஏத்திக்கொண்டு போய் இறக்கிக் கொமிசன் வாங்கிறதுதான், உனக்கு ஓட்டோ இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். போன மாசம் ஒரு வியாழக்கிழமை நீ களைச்ச குரலில, இந்த மாசம் இன்னும் நாலு பேர் சேர்ந்தால்தான் கந்தோரில முகத்தை நிமித்திக்கொண்டு நடக்கலாம் எண்டு கொம்மாவுக்குச் சொன்னனீ. பக்கத்தில கதிரையில இருந்து நானும் கேட்டனான். நாலு பேர் எண்டதும் என்ர மனசு துள்ளிச்சுது. பெஞ்சன் எடுத்த நாளிலயிருந்து எங்கட விறாந்தையில முன்னூற்றிநாலு சீட்டு விளையாட நாலு பேர் குந்தியிருக்கினம், என்ர பிள்ளை நாலு பேர் இல்லாமல் தவிக்கிறதோ?

அடுத்த நாளே விளையாட்டை நிப்பாட்டிப்போட்டு விசயத்தைச் சொன்னன். லெம்பேட் உடன ஓமெண்டான், அவனுக்கு என்னத்தைக் கேட்டாலும் ஓம்தான். கந்தளாயிலயிருந்து பஸ் ஏறி வாற சோமபால ஐயாவும் நம்மட துவவுக்கு, நம்மட மகளுக்கு எண்டு சொல்லி ஃபோனை நீட்டினார். அபூதாஹிர் மாமாதான் ஏலாதெண்டிட்டார். முப்பது வருசம் இழுவைப் படகில எனக்குக் கீழ எஞ்சின் பார்த்த மனுசன், நான் சொல்லி ஒருநாளும் மறுத்ததில்லை. எங்கட மார்க்கத்தில சூது கூடாது இக்னேசியஸ், முன்னூற்றிநாலு சும்மா பம்பல், இது கம்பனி நடத்திற மேசை எண்டார். காசு கட்டாத இலவச ஆட்டம்தானே எண்டு நான் சொன்னன். இலவசமாய்க் கூப்பிடுறது பிறகு காசோட வரச்சொல்லித்தானே எண்டு கேட்டார். தேத்தண்ணி குடிக்க மட்டும் குறிஞ்சாக்கேணியிலயிருந்து கட்டாயம் வருவன் எண்டு சொல்லிப்போட்டு மனுசன் மோட்டச்சைக்கிளை எடுத்தார். நாலாவது ஆளுக்கு நான் எங்க போறது? அப்பதான் குசினிக்குள்ளயிருந்து கொம்மா, என்ர பேரைப் போடுங்கோ எண்டு சொன்னா.

நீ நம்பமாட்டாய் எண்டு தெரியும். நாப்பது வருசமாய்ச் சீட்டுக்கட்டை அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்ச பொம்பிளை. நான் பயந்துபோய்க் கைகால் நல்லாயிருக்கோ எண்டு கேட்டன், பிள்ளைக்கு ஒரு உதவி எண்டால் நீங்கள் மட்டுந்தான் செய்யலாமோ எண்டு என்னிலயே பாய்ஞ்சா. நாலு பேரும் உன்ர இலக்கத்தைப் போட்டுச் சேர்ந்தம். சம்மதமோ எண்டு கேட்டு இருபத்தேழு பக்கம் வந்தது. துறைமுகத்தில இருக்கேக்க கயிறு வாங்கின பற்றுச்சீட்டைக்கூட ரெண்டு தரம் வாசிச்சுத்தான் கையெழுத்து வைப்பன், அண்டைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் எண்டதை அமத்தினன். எல்லா வில்லங்கமும் அந்த இருபத்தேழு பக்கத்துக்குள்ளதான் கிடந்திருக்கு.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டரைக்கு. நான் போக்கரில எந்தச் சீட்டுப் பெரிசு எண்டு கலண்டர் மட்டையின்ர பின்பக்கத்தில எழுதி எல்லாருக்கும் குடுத்தனான், எழுதின நானே முதல் வெளியில போனன். முன்னூற்றிநாலில ஜாக்கிதான் பெரியவன், அவனுக்கு அடுத்தது ஒன்பது, அது என்ர ரத்தத்தில ஊறின விசயம். ஜாக்கியும் ஒன்பதும் ஒண்டாய்க் கைக்கு வர எனக்குக் கண் தெரியேல்லை, வைச்சிருந்த எல்லாத்தையும் தள்ளினன், எவனோ ஒரு பிரேசில்காரன் ரெண்டு ராசாவைக் காட்டி வழிச்சுக்கொண்டு போட்டான். கள்ளக் கம்பனி எண்டு கத்தி அவங்கட உதவிப் பகுதிக்கு ஒரு முறைப்பாடும் எழுதினனான், அது உன்ர கையில கிடைச்சிருந்தால் கிழிச்சுப்போடு. லெம்பேட் பழக்கதோசத்தில சோமபாலவுக்குக் காதைச் சொறிஞ்சு காட்டிக்கொண்டிருந்தான், ரெண்டு பேரும் வேற வேற மேசையில இருக்கினம் எண்டு நான் சொல்ல, அதுக்கென்ன துணை துணைதானே எண்டான். அரை மணித்தியாலத்தில அவையும் வெளியில.

கொம்மா மட்டும் குசினி வாசலில குந்தியிருந்து பயத்தங்காய் முறிச்சுக்கொண்டு, ஃபோனைச் சுளகில சாத்தி வைச்சுக்கொண்டு, வாற சீட்டெல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம் எண்டு அமத்திக்கொண்டிருந்தா. ஒரே மாதிரி ரெண்டு படம் வந்தால் மட்டும் கையைச் சீலையில துடைச்சுப்போட்டு முன்னுக்குத் தள்ளுவா. காஸ் வரிசையில ரெண்டு நாள் நிண்டு சிலிண்டர் எடுத்துக்கொண்டு வந்த மனுசிக்கு இது என்ன பெரிய காத்திருப்பு? உலகத்தில இருக்கிற அவசரக்காரர் எல்லாரும் ஆளையாள் வெட்டிக்கொண்டு விழ, ஆயிரத்துச் சொச்சப் பேரில நூறு பேர் மிஞ்சிச்சினம், பிறகு இருபது பேர், கொம்மா பயத்தங்காய் முடிச்சு வெங்காயத்துக்கு வந்திட்டா. நாங்கள் மூண்டு பேரும் மூச்சு விடாமல் சுத்தி நிண்டம், தேத்தண்ணிக்கு வந்த அபூதாஹிர் மாமாவும் நான் விளையாடேல்லை பார்க்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டார். கொம்மா மூண்டாம் ஆளாய் வந்தா மகள். முதல் மூண்டு பேருக்கும் ஒரே பரிசு, மால்டாவில நடக்கிற பெரிய ஆட்டத்துக்கு ஒரு கதிரை, போக வர விமான ரிக்கற், அஞ்சு நாள் ஹோட்டல், விசாவுக்குக் கம்பனியின்ர கடிதம்.

அப்பதான் எனக்கு விசயம் பிடிபட்டது. உன்ர பக்கத்தில நீயே பெரிய எழுத்தில போட்டிருந்த சலுகை அது, நாங்கள் ஆம்பிளையள் ஒருத்தரும் பரிசு என்னெண்டு வாசிக்கேல்லை. கொம்மா வாசிச்சிருக்கிறா. நாலு பேர் வேணும் எண்டு நீ சொன்னது எனக்குக் கேட்டது, அவவுக்கு நீ இருக்கிற மால்டா எண்டதுதான் கண்ணில பட்டது. நாலு நத்தார் போய்ட்டுது நீ வந்து. மூண்டு வருசத்துக்கு முந்தி விசா இல்லையெண்டு திருப்பின பிறகு அந்தப் பாஸ்போட் அலுமாரியில சீலையளுக்கு அடியில கிடந்தது, அண்டைக்குப் பின்னேரம் அதை எடுத்துத் துடைச்சு மாதா படத்துக்கு முன்னால வைச்சா. அடுத்த நாள் பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட்டா. உனக்குச் சொல்லவேண்டாம், கதவைத் தட்டிக்கொண்டு போய் நிக்கவேணும் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினா.

அரிசி ஊறினபடி கிடக்கவே கம்பனி ஒரு படிவம் அனுப்பிச்சுது. பேர், விலாசம், பாஸ்போட் இலக்கம், கடைசியில ஒரு கேள்வி. உங்களைச் சேர்த்துவிட்ட ஆள் உங்கட குடும்பத்து ஆளோ, ஓம் எண்டொரு பெட்டி, இல்லை எண்டொரு பெட்டி. ஓம் எண்டால் பரிசு இல்லையாம், அந்த இருபத்தேழு பக்கத்தில சொல்லியிருக்காம். லெம்பேட் சொன்னான், இல்லை எண்டு போடு அக்கா, உன்ர பாஸ்போட்டில உன்ர தகப்பன்ர பேர் மரியாம்பிள்ளை, பிள்ளையின்ரதில இக்னேசியஸ், எந்த வெள்ளைக்காரனுக்கு விளங்கப்போகுது எண்டு. அவன் சொன்னது சரிதான். நானும் உள்ளதைச் சொல்லிறன், போடு எண்டுதான் சொன்னன். அபூதாஹிர் மாமா மட்டும் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொம்மா ரெண்டு நாள் அந்தப் படிவத்தைத் திறக்கிறதும் மூடுறதும். ஊறின அரிசியைக் கழுவி உலர்த்தி வைச்சா. மூண்டாம் நாள் காலமை என்னைக் கூப்பிட்டு எது ஓம் பெட்டி எண்டு கேட்டா. நான் காட்டினன். யோசிச்சுப் போடுமன் எண்டன். அவ சொன்னா:

“என்ர பிள்ளையை என்ர பிள்ளை இல்லையெண்டு சொல்லிப்போட்டு, எந்த முகத்தோட போய் என்ர பிள்ளையைப் பார்க்கிறது?”

அமத்தினா. கீழ என்ன உறவு எண்டு ஒரு கோடு இருந்தது, அதில இங்கிலீசில பெரிய எழுத்தில தாய் எண்டு எழுதினா. பாஸ்போட்டைத் திரும்பச் சீலைக்கு அடியில வைச்சா. பிறகு குசினிக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிட்டா, ஒரு கோப்பையைக் கழுவுறதுக்குக் கனநேரம் எடுத்துது. நானும் விறாந்தையில இருந்து அழுதனான் மகள், சொல்ல வெக்கமில்லை.

கம்பனி உன்னட்ட விளக்கம் கேட்டதும், நீ எங்களிட்ட கொம்மாவின்ர பேரில, இன்பமலர் எண்டு ஆராவது சேர்ந்தவையோ எண்டு கேட்டதும் அதுக்குப் பிறகு நடந்த கதை. உன்ர வேலைக்கு ஒண்டும் வராது, இனிக் குடும்பத்தில ஆரையும் சேர்க்கக்கூடாதெண்ட எச்சரிக்கையோட விட்டிட்டம் எண்டு கொம்மாவுக்கு வந்த பதிலில இருந்தது, அதை நாலு தரம் வாசிச்சுப் பார்த்தனாங்கள். அந்த நாலு பேரும் உனக்குக் கணக்கில இல்லையாம், மன்னிச்சுக்கொள். எல்லாம் அப்பாவின்ர விசர் வேலை எண்டு மட்டும் பிள்ளைக்குச் சொல்லுங்கோ, ரிக்கற் கதையை எடுத்தால் தெரியும்தானே எண்டு கொம்மா உத்தரவு. நான் செய்த சத்தியத்தை உடைச்சுப்போட்டன். அவ செய்தது உனக்குத் தெரியாமல் போனால் எனக்கு நித்திரை வராது. இன்னொரு விசயம், அபூதாஹிர் மாமா கேட்டது என்ர மண்டைக்குள்ளயே நிக்குது, அதால உன்னட்ட ஒண்டு கேக்கிறன், கோவியாதை. சலுகை சலுகை எண்டு எழுதிற பக்கத்தில, நிப்பாட்டத் தெரியாதவை இந்தப் பக்கம் வரவேண்டாம் எண்டதையும் அதேயளவு பெரிய எழுத்தில போடு. எவன்ர வீட்டிலயும் ஒரு கொம்மா குசினி வாசலில இருப்பா.

இப்ப அவ நல்லாத்தான் இருக்கிறா. முன்னூற்றிநாலுக்கும் இழுத்து வைச்சிருக்கிறம், லெம்பேட் காது சொறியிறதை முதல் நாளே பிடிச்சிட்டா, ரெண்டு கிழமையாய் அவன் ஒரு ஆட்டமும் வெல்லேல்லை. வாசலில செருப்புச் சத்தம் கேக்குது, முடிக்கிறன். தலைக்கு எண்ணெய் வை, ஒவ்வொரு நாளும் பாணைக் கடிச்சுக்கொண்டு திரியாதை, ஞாயிறு பூசையை விடாதை. மாதா உன்னைத் தன்ர முந்தானைக்குள்ள வைச்சுக் காப்பா, அப்பாவின்ர ஆசீர் எப்பவும் உன்ர தலையில இருக்கும். இந்த நத்தாருக்கு வருவியோ எண்டு கேக்கிறன், அதுக்கு நீ கடிதம் எழுத வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். கொம்மா உனக்காக ஒரு ஓம் போட்டவ. நீயும் அவவின்ர ஃபோனுக்கு ஒரு ஓம் அனுப்பு, மிச்சம் அவவுக்கு விளங்கும்.

உன்ர சிக்னல் இல்லாத அப்பா,
அ. இக்னேசியஸ்