ஓடு கழற்றிய நண்டும் ஒரு கல்யாணமும்

தென்காசி,
ஆனி 12

என் செல்ல அபிக்கு, அம்மா வள்ளித்தாய் எழுதுவது.

இங்கே நானும் மீன் கடையும் ரெபேக்காளும் தொட்டியில் கிடக்கிற நண்டுகளும் சுகமாக இருக்கிறோம், கனடாவில் உனக்கு இருமல் வராமல் இலஞ்சிக் குமரன் பார்த்துக்கொள்வான். சாரல் இந்த வருஷம் சீக்கிரமே இறங்கிவிட்டது, ஐந்தருவியில் நிற்க இடமில்லை, குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் நண்டு ரசம் கேட்கிறார்களாம், குற்றாலத்து ஹோட்டல்காரர்கள் மேலகரத்தில் நம் கடை வாசலிலேயே நிற்கிறார்கள். இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் நான் முடிக்கும்வரை வாயைத் திறக்க முடியாது. சரக்கைக் காட்டாமல் பேச்சை இழுக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து படி.

ஆள் யார் என்றால், நமக்கு ஒன்பது வருஷமாக ஐஸ் போடுகிற ஆவுடைநாயகம். நெற்றி நிறைய விபூதி, மனைவி இறந்து ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை, முட்டைகூடத் தொடாத சைவம். ஐஸ் கட்டியை இறக்கும்போது மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மீன் கூடை பக்கமே பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கணக்கு எழுதுவாரே, அவரேதான். சிரிக்காதே. சரி, சிரி, நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாகப் போவது அதனால்தான்.

நடந்ததைக் கேள். இத்தனை வருஷம் நமக்கு நண்டு ஐஸ் பெட்டியில்தான் வரும், இந்த சீசனுக்குத்தான் உயிர் நண்டுக்கு என்று உப்புத் தண்ணீர்த் தொட்டி கட்டினேன். வைகாசிக் கடைசியில் தூத்துக்குடியில் இருந்து நாற்பது நண்டு வந்து இறங்கியது. மறுநாள் காலையில் எண்ணினால் நாற்பத்தொன்று! சரக்கு குறைந்து பார்த்திருக்கிறேன், கூடிப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தால், ஒன்று கண், கால், கொடுக்கு எல்லாம் இருந்தும் காகிதம் மாதிரி கனமே இல்லை, இன்னொன்று ஈரத்துணி மாதிரி துவண்டு தொங்குகிறது. எனக்கு வந்த கோபத்தில் தூத்துக்குடிக்காரனைப் போனில் பிடித்து, ஒன்று சக்கை, ஒன்று அழுகல், யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்று கால் மணி நேரம் கிழித்துவிட்டேன். துவண்டதைக் குப்பையில் எறியக் கையை ஓங்கினால், ஐஸ் இறக்க வந்த மனுஷன், "எறியாதிய, எறியாதிய, அது முழிச்சுப் பாக்குது" என்று ஓடிவந்து மூக்கில் கட்டிய கைக்குட்டையை அவிழ்த்து அதிலேயே வாங்கிக்கொண்டார். மீன் வெட்டுகிற ரெபேக்காள் உவரிக்காரி, கடற்கரையில் பிறந்தவள், அவள் அரிவாள்மணையில் இருந்து எழுந்திருக்காமலே சொல்லுகிறாள், "எக்கா, ஊருக்கே நண்டு விக்கிய, இது தெரியலயா? அந்தக் கனமில்லாதது வெறும் பழைய ஓடு, இது அதக் கழத்திப் போட்டுட்டு நிக்கி. கழத்தாட்டா வளர முடியாதுல்லா? நாலஞ்சு நாளு மெத்துன்னு கெடக்கும், பெறகு புதுசு இறுகிரும்." உடனே இவர் கைக்குட்டையை அதன்மேல் போர்த்தி, "அப்பம் இது உடுத்தாமயா நிக்கி? எல்லாரும் அங்கன திரும்புங்க" என்றார் பார், கடையே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் ஐஸ் கட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன், சேலை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

தொட்டியில் விட்டால் மற்ற நண்டுகள் தின்றுவிடும் என்றாள் ரெபேக்காள், அதனால் தனி வாளியில் விட்டோம். தினமும் இவர் கைக்குட்டை இல்லாமல் வந்து வாளியை எட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் வாளியைப் பார்த்தபடியே, "நீங்களும் பதினஞ்சு வருசமா ஒரே ஓட்டுக்குள்ளதான இருக்கிய, மூச்சு முட்டலையா?" என்று கேட்டார். ஐஸ் இறக்கியாகிவிட்டது, கிளம்புங்கள் என்றேன். அன்று அரைக் கிலோ கேட்டவனுக்கு ஒரு கிலோ போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உன் அப்பா கண்ணை மூடியபோது உனக்கு ஒன்பது வயது. கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போன பொம்பளையிடம் அவனவன் பேசின பேச்சுக்கு, ஓடு தானாக முளைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் கடையும் இல்லை, உன் படிப்பும் இல்லை. ஆனால் போன மாசம், நீ விரும்பிய அந்தப் பையன் உன்னை விட்டுப் போன பிறகு, நானும் உன்னை மாதிரி ஓடு போட்டுக்கொண்டேன் அம்மா, இனி எதுவும் தைக்காது என்றாய். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ரெபேக்காளிடம் பெருமையடித்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஓடு வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் வளர்வோம், அது வளராது. அதற்காகக் கண்டவன் முன்னால் கழற்றிவிடாதே, நண்டுகூடக் கல்லுக்கு அடியில் போய்த்தான் கழற்றுமாம். கல்லைப் பார்த்துப் பிடி.

மூச்சு முட்டலையா என்று கேட்ட மறுநாள் அவர் வந்ததும், "ஐஸ்காரரே, முட்டுது" என்றேன். ஐஸ் கட்டி கைநழுவி விழுந்து நாலாக உடைந்தது. அப்புறம் முறைப்படி பேரம் பேசினோம். கடையை விடமாட்டேன், வீட்டில் மீன் குழம்பு உண்டு, அவருக்குத் தனி அடுப்பு என்றேன், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான், அந்த நண்டை மட்டும் விற்கக் கூடாது. உன் மாமா இசக்கிமணி போலீஸ் ஸ்டேஷனில் இருந்து யூனிபார்மோடு வந்து குதித்தான், "ஊரு சிரிக்கும்க்கா, அவுக ஆளுக வேற, நாம வேற." சிரிக்கட்டும்லே, அவங்களுக்கு முந்தி நான் சிரிச்சாச்சு என்றேன். கடைசியில், "அபி வந்து நின்னா நானும் வாரேன், அவ வரலேன்னா என்னக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆவணி கடைசி முகூர்த்தம், இலஞ்சிக் கோயிலில். நீ வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு வரி எழுதினேன், பொய் என்று தோன்றியது, அடித்துவிட்டேன். நிறுத்த மாட்டேன் அபி. ஆனால் எனக்கு இப்போது பழைய ஓடும் இல்லை, புதியது இன்னும் இறுகவில்லை. சந்தையில் எத்தனையோ பேர் பேசியது தைக்காத எனக்கு, நீ ஒரு வார்த்தை சுருக்கென்று சொன்னாலும் தைக்கும். அதைத் தெரிந்துகொண்டு பதில் எழுது.

டிக்கெட்டை இன்றைக்கே போடு, சென்னையில் இருந்து தென்காசிக்கு ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயது நன்றாக இரு. பெற்றவள் ஆசீர்வாதம் கொடுத்து முடிப்பதுதான் முறை, கொடுத்துவிட்டேன். இந்த ஒரு தடவை பெற்ற பிள்ளையிடமும் ஒன்று கேட்கிறேன், கொடு.

உன் அம்மா,
வள்ளித்தாய்