அயர்லாந்தும் பெரியப்பாவும்

என்ரை அப்பாவுக்கு,

என் ஆய்வு பாதியில் நிற்கிறது. அயர்லாந்தின் உள்நாட்டுப் போர். பிரித்தானியரை எதிர்த்து ஒன்றாக நின்றவர்கள், ஒப்பந்தம் வந்ததும் இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டார்கள். பிறகு எத்தனையோ வீடுகளில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"ஏன் அயர்லாந்து?" என்று பேராசிரியர் கேட்டார். ஆவணங்கள் ஆங்கிலத்தில் கிடைக்கும் என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஊரில் போர்க்காலத்தில் நீங்களும் பெரியப்பாவும் வேறு வேறு ஆயுத இயக்கம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் ரொம்மனில், உங்கள் அண்ணன் மோர்டென்ஸ்ருட்டில். புலம்பெயர்ந்து வந்த ஒரே நகரத்தின் இரு முனைகளில் முப்பது வருடம். சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "அவன்ரை பேர் இந்த வீட்டிலை வேண்டாம், பிள்ளை" என்றீர்கள். யார் யாருக்கு என்ன செய்தீர்கள்? இனி யாரிடம் கேட்பது?

வசந்தத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய் ஒரு கிழவரைப் பேட்டி கண்டேன். அவருடைய தகப்பனும் சிற்றப்பனும் அந்தப் போரில் எதிரெதிர்ப் பக்கம். தேவாலயத்திலும் ஆளுக்கொரு பக்கம்தான் இருப்பார்களாம். அந்த ஊரில் சவக்குழியை உறவும் அயலும் வெட்டுவது வழக்கம். தகப்பன் இறந்தபோது சிற்றப்பன் மண்வெட்டியோடு வந்து நின்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. "தடுக்க எங்களுக்கு என்ன உரிமை?" என்றார் கிழவர்.

நான் ஒலிப்பதிவை நிறுத்தினேன்.

ஏனென்றால் நான் தடுத்தேன், அப்பா. உங்கள் சவப்பெட்டியை மூடுமுன் வாய்க்கரிசித் தட்டு என் கையில் இருந்தது. வரிசையின் கடைசியில் பெரியப்பா. கையை நீட்டினார். நான் தட்டோடு திரும்பிக்கொண்டேன். உங்களுக்காகத்தான் என்று நினைத்தேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். உங்கள் ஆட்டத்திவசம். அடுக்களையில் அம்மாவிடம் கேட்டேன்.

"பெரியப்பாவுக்குச் சொல்லுவமா?"

"செத்த வீட்டுக்குச் சொல்லாமலே வந்த மனுசன். வந்தால் வரட்டும்."

"அண்டைக்கு நான் அவருக்கு அரிசி குடுக்கேல்லை, அம்மா."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"கண்டனான். கொப்பர் எண்டால் குடுத்திருப்பார்."

உண்மையா, அப்பா? நீங்கள் கொடுத்திருப்பீர்களா? அம்மா என்னைக் குத்துவதற்காகச் சொன்னதா, அல்லது எனக்குத் தெரியாத உங்களைத் தெரிந்து சொன்னதா? உங்கள் கோபம் எவ்வளவு பெரியது என்று தெரியாமலே அதைத் தூக்கி வைத்திருக்கிறேன். காரணம்கூடக் கையில் இல்லை. கோபம் மட்டும்.

சனிக்கிழமை மோர்டென்ஸ்ருட்டுக்குப் போகிறேன். தொலைபேசியில் சொல்ல மாட்டேன். வாசலில் நின்று, செய்ததைச் சொல்லி, திவசத்துக்கு வரச் சொல்வேன். கதவு திறக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போவேன். இதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, அப்பா. அறிவிக்கிறேன்.

உங்கள் மகள்,
அவருடைய பெறாமகள்.