ஒரு வாளி வெள்ளரிக்காயும் சமையலறை விளக்கும்

என் செல்ல லீதாவுக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் பிரான்சில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். மேல்மாடி நோனா நாட்டுக்கு வெளியே, யெரெவானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். அங்கிருந்து இதை அனுப்புவாள், அதனால் போனில் சொல்லாததைச் சொல்கிறேன்.

கலகம் செய்த கூலிப்படையினர் மாஸ்கோவை நோக்கிக் கிளம்பிய அந்தச் சனிக்கிழமை நாங்கள் தோட்ட வீட்டில் இருந்தோம். அவர்களுடைய லாரி ஒன்று பழுதாகி நம் வேலிக்கு எதிரே நெடுஞ்சாலையில் நின்றது. வெள்ளரிக்காய் காய்த்துத் தள்ளும் மாதத்தில் யார் வந்து நின்றாலும் கையில் திணித்துத்தான் அனுப்புவோம், உனக்குத் தெரியாதா, அப்பாவும் யோசிக்காமல் வாளியோடு போய்விட்டார். பக்கத்துத் தோட்டத்துக் கிளாவா, பாவம், மகன் போர்முனையில் இருக்கிறான், வேலியருகே நின்றபடி, அர்க்காதி, உப்பையும் குடுங்க, பசங்க வெறும் காயை எப்படித் தின்னும் என்று கத்தினாள். அதை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். மாலைக்குள் பேச்சுவார்த்தை முடிந்து படை திரும்பிவிட்டது. கலகம் செய்தவர்கள் மேல் வழக்கில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். வெள்ளரிக்காய் கொடுத்தவரைத்தான் செவ்வாய்க்கிழமை அவர் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார்.

கிளாவாதான் தூண்டிவிட்டாள் என்று எழுதிக் கொடுங்க, விஷயம் இதோட முடிஞ்சிடும் என்றாராம் அவர். காயும் என்னோடது, கையும் என்னோடது, அந்தம்மா உப்பைப் பத்தி மட்டுந்தான் பேசினாங்க என்றாராம் அப்பா. ஆய்வகத்துக்குள் போகும் நுழைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் காந்தச் சுருள் சுற்றியவர், சூரிய நெருப்பைக் காந்தத்துக்கு நடுவே பிடித்து வைக்கும் அந்தப் புது இயந்திரத்தை முழு சக்தியில் ஓட்டிப் பார்க்கும் வியாழக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதே ஆய்வக நூலகத்தில் வேலை பார்க்கும் நானும் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று பெயர், அந்த அதிகாரியிடம் போய் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.

அன்றைய மத்தியானம் இன்னும் கனவு போலத்தான் இருக்கிறது. பாப்லார் மரத்துப் பஞ்சு ஜன்னல் வழியே மிதந்து வந்து மேசைமேல் இறங்கிக்கொண்டிருந்தது, டீ ஆறிவிட்டது. பட்டப்பகலில் அப்பா எழுந்து விளக்கைப் போட்டார். ஆய்வக இயந்திரம் மின்சாரத்தை இழுத்ததும் நம்முடைய இந்தப் பழைய குடியிருப்பில் விளக்கு மங்குமே, சின்ன வயதில் அதைப் பார்த்து அப்பா கண் சிமிட்டுகிறார் என்பாயே. சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு மங்கியது. அப்பா விநாடிகளை வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். இதுவரை அந்த நெருப்பு ஒன்பது விநாடியைத் தாண்டி நின்றதில்லை. ஒன்பது போயிற்று, பதினைந்து போயிற்று. அங்கே சூரியனைவிடச் சூடான ஒன்று எந்தச் சுவரையும் தொடாமல், இவர் சுற்றிய செம்புக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன், எங்கள் மேசைக்கு மேலே பஞ்சும் அப்படியே நின்றது போலிருந்தது. காந்தம் புடிச்சிருக்குடி தமாரா, விடல என்று நடுவில் ஒரு தடவை சொன்னார், மறுபடி எண்ணினார். விளக்கு பழையபடி பளிச்சென்று ஆனபோது அவர் எண்ணுவதை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார், நான் டீயைச் சூடு பண்ணப் போனேன்.

திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எழுதிக் கொடுக்கமாட்டார், நானும் எழுதச் சொல்லமாட்டேன். வேலை போனாலும் உருளைக்கிழங்கு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. நீ ஆகஸ்டில் வராதே கண்ணே. டிக்கெட் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. போனில் இதைப் பற்றி வாயே திறக்காதே, ஊறுகாய் போட்டாயா என்று மட்டும் கேள், போட்டேன் என்று சொன்னால் அப்பா வீட்டில்தான் இருக்கிறார் என்று எடுத்துக்கொள். ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன் வேலையும் நீயும் பத்திரமாக இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்ளும்,
உன் அம்மா தமாரா

அப்பாவை இரண்டு வரி எழுதச் சொன்னேன். எழுதமாட்டேன், லீதாவுக்கு இந்த எண்ணை மட்டும் சொல்லு, அவளுக்குப் புரியும் என்றார்: எழுபத்து மூன்று.